யாழ்ப்பாணக் கரையோரம் பாய்ப்படகில்: எங்கே ஓடுவது, எங்கே கிடப்பது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலையில் 26 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். நீங்களும் மனைவியும் மட்டும் அதில் பருத்தித்துறையைச் சுற்றி வந்து, வடகரையோரம் ஓடி, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பக்கம் நாலைந்து நாள் நங்கூரம் போட்டுப் படகிலேயே தங்க வேண்டும். எந்த மாதம் நல்லது, எங்கே கிடக்கலாம், இரண்டு பேர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு பேர் போதும். நானும் இவரும் இரண்டு பேராகத்தான் வல்வெட்டித்துறையிலிருந்து நெடுந்தீவு வரை போய் வந்தோம், எங்களுடையது உங்களுடையதைவிடச் சின்னப் படகு. பாய் கட்டி ஓடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கரை பெரிய கஷ்டமான கரை இல்லை. ஆனால் பகலில் நன்றாக ஓடிவிட்டு இரவு படகைக் கிடத்துகிற இடத்தில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள், நாங்களும் விட்டோம். அதனால் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் நங்கூரத்தைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன்.

முதலில் மாதம். எங்கள் பக்கத்தில் காற்றுக்குப் பெயர் வைத்துத்தான் கதைப்பார்கள்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோளகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை முடியும் வரை வாடைக் காலம். அப்போது பருத்தித்துறை முதல் மாதகல் வரை முழு வடகரைக்கும் காற்று நேரே கரையைப் பார்த்து அடிக்கும், அலை கற்பாரில், அதாவது கரையோரக் கடலடிப் பாறைத் திட்டில், உடையும், அந்த நேரம் பாய்ப்படகில் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். புயலும் கார்த்திகை மார்கழியில்தான் வரும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் கடலுக்குள்ளால்தான் போனது. வைகாசி நடுவிலிருந்து புரட்டாதி வரை சோளகம். அப்போது கதை தலைகீழ்: வடகரையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையை ஒட்டின தண்ணீர் தட்டையாக இருக்கும், நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம்தான் கொந்தளிக்கும். அந்தத் தட்டைத் தண்ணீரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கரையில் நின்று பார்த்தால் குளம் மாதிரி இருக்கும், இரண்டு மைல் வெளியே போனால் 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று, பாய் கிழிந்தாலோ எஞ்சின் நின்றாலோ காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, நடுக்கடலுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும்.

ஆகவே உங்களுக்கு மாசி நடுவிலிருந்து சித்திரை வரை. இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் கடல் மூச்சு விடுகிற காலம் அதுதான். பகலில் வடகிழக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய கடற்காற்று, இரவில் தரைப் பக்கத்திலிருந்து அதைவிட மெல்லிய காற்று. சித்திரையில் ஒரு குறை உண்டு, பின்னேரங்களில் இடியோடு மழை திடீரென்று வரும், பத்து நிமிடத்துக்குக் காற்றும் முறுகும். அதனால் அந்த மாதத்தில் மூன்று மணிக்கு முன்னமே நங்கூரம் போட்டுவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக', 'காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாக' என்று இரண்டு துண்டாகச் சொல்வார்கள். காங்கேசன்துறை வரைக்கும் முதலாவது உங்களுக்கு, அதைத் தாண்டினால் இரண்டாவது. இரண்டையும் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றுபோல இருக்காது.

திருகோணமலையிலிருந்து பருத்தித்துறை முனை ஏறக்குறைய 95 கடல் மைல். 4 நொட்டில் ஒரு பகலும் ஒரு இரவும். இடையில் ஒதுங்க ஒழுங்கான இடம் இல்லை, முல்லைத்தீவுக் கரை முழுக்கத் திறந்த மணல் கரை, வலைகள் நிறைய. ஐந்தாறு மைல் வெளியே நின்று, ஆளுக்கு மூன்று மணித்தியாலம் காவல் இருந்து, விடியும்போது முனையில் நிற்கிற மாதிரிக் கிளம்புங்கள். பருத்தித்துறை வெளிச்சவீடு 1916-ல் கட்டியது, 32 மீட்டர் உயரம். பகலில் அதைப் பார்த்துத்தான் முனையை அடையாளம் பிடிக்க வேண்டும். இருட்டில் கரையைக் கிட்டாதீர்கள்.

கிளம்ப முதல் இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். ஒன்று கடற்படை. காரைநகரில் அவர்களுடைய முகாம் இருக்கிறது, காங்கேசன்துறைத் துறைமுகமும் அவர்களுடைய பார்வையில்தான். படகுப் பதிவு, அடையாள அட்டை, எந்த நாள் எங்கே கிடப்போம் என்ற பட்டியல், இதையெல்லாம் முன்கூட்டியே கொடுத்தால் இரவில் தேடுவிளக்கு அடித்து எழுப்ப மாட்டார்கள். இரண்டாவது, எந்த ஊருக்கு முன்னால் கிடக்கப் போகிறீர்களோ அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம். இதைத்தான் வெளியிலிருந்து வருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையில் கோபம் வருகிற விடயமும் இதுதான். அவர்களுடைய வலை எந்தப் பக்கம் கிடக்கிறது, களங்கண்டி, அதாவது தடி நட்டுக் கட்டுகிற மீன் பொறி, எங்கே நட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு அவர்கள் தொழிலுக்கு வெளிக்கிடுவார்கள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் நட்டம். ஏற்கெனவே மறுகரையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, வருகிற இழுவைப் படகுகளால் வலை இழந்து நொந்துபோய் இருக்கிற சனம். போய் வணக்கம் சொல்லி, இந்த இடத்தில் இரண்டு இரவு கிடக்கலாமா அண்ணை என்று கேட்டால், அவர்களே நல்ல இடத்தைக் காட்டுவார்கள்.

சரி, வடகரை. முனையிலிருந்து ஊர்காவற்றுறை வாய் வரை 25 முதல் 30 கடல் மைல்தான். காலையில் கிளம்பினால் பின்னேரம் போய்விடலாம், பங்குனியில் காற்று வலப்பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதால் இதமான ஓட்டம். வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை, மாதகல், பிறகு காரைநகர். கோபுரங்களை வைத்தே வழி சொல்லலாம். கரையை ஒட்டிக் கற்பார் ஓடுகிறது, சில இடங்களில்தான் வாய், படகு நுழைகிற இடைவெளி, உண்டு, அந்த வாய் ஊரவர்களுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் அந்தக் காலத்து வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பாருக்கு வெளியே நிற்க, சின்ன வள்ளங்களில் சாமான் ஏற்றி இறக்கினார்கள். எங்கள் ஊரில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிப் போய்ச் சேர்ந்தது. அப்படிக் கப்பல் கட்டின ஊருக்கே பார் கடக்க வள்ளம்தான் வேண்டியிருந்தது. ஆகவே பருத்தித்துறையிலோ வல்வெட்டித்துறையிலோ கரைக்கு வர வேண்டுமென்றால் ஊர்ப் பையன் ஒருவரைப் படகோடு வெளியே வரச் சொல்லி அவர் பின்னால் வாருங்கள்.

ஒதுங்க வேண்டி வந்தால் மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, 2017-ல் சனத்திடம் திரும்பக் கிடைத்தது. கேட்டுக்கொண்டு உள்ளே வரலாம், ஆனால் பெரிய படகுகளுக்கு நடுவில் இரவு முழுக்க எஞ்சின் சத்தம். காங்கேசன்துறை உங்களுக்கு இல்லை. கீரிமலைக்கு முன்னால் பகலில் ஒரு மணித்தியாலம் நிற்கலாம், இரவு கிடக்க வேண்டாம்.

இனி எங்கள் பிழை. முதல் நாள் இரவு காரைநகரின் வடக்குக் கரையில், கசூரினாக் கடற்கரைக்கு முன்னால் நங்கூரம் போட்டோம். பின்னேரம் நாலரை இருக்கும். இரண்டு பாகம் தண்ணீர். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி, எங்கள் அப்பா கடைசி வரை மீட்டரில் ஆழம் சொன்னதே இல்லை. காற்று கடலிலிருந்து வந்தது, படகு கரைக்கு முதுகு காட்டி நின்றது, நங்கூரம் இழுத்துப் பார்த்தோம், பிடித்தது. புட்டும் சம்பலும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். இரவு ஒன்றரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை, பிறகு யோசித்தால், படகின் அடியில் அலை தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மிதந்து போகிற படகில் அந்தத் தட்டல் இருக்காது. எழுந்து அணியத்துக்கு, படகின் முன்பக்கத்துக்கு, போய்ச் சங்கிலியில் கை வைத்தேன். பிடித்துக் கிடக்கிற சங்கிலி கைக்கு இறுக்கமாக, அசையாமல் இருக்கும். இது தளர்ந்து, இடைக்கிடை மெத்தென்று ஒரு இழுவை, விட்டு விட்டு. தலையை நிமிர்த்திப் பார்த்தால் கரை வெளிச்சம் எல்லாம் கைக்கெட்டாத தூரத்தில்.

நடந்தது இதுதான். பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று விழுந்து, தெற்கிலிருந்து தரைக்காற்று எழும்பியிருக்கிறது. படகு அரை வட்டம் சுற்றி மறுபக்கம் இழுத்திருக்கிறது, நங்கூரம் புரண்டு கழன்று, திரும்பப் பிடிக்க மணல் கிடைக்காமல் சாதாளைக்கு, கடலடிப் புல்பூண்டுக்கு, மேலே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. மேலே தூக்கியபோது நங்கூரத்தின் அலகில் ஒரு பானை அளவுக்குச் சாதாளை உருண்டையாகச் சுற்றியிருந்தது, இவர் கத்தியால்தான் அறுத்து எடுத்தார். காற்று கடலுக்கு அடித்ததால் கல்லில் மோதவில்லை. ஆனால் முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஒருவர் வலை விட்டிருந்தார். அவர் டோர்ச் அடித்துக் கத்தினார், நாங்கள் எஞ்சினைப் போட்டு விலகுவதற்கும் அவருடைய மிதப்பு எங்கள் பக்கத்தில் வருவதற்கும் சரியாக இருந்தது. விடிய அவருடைய வாடிக்கு, கரையிலுள்ள மீனவர் குடிசைக்கு, போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "பின்னேரக் காத்துக்கு நங்கூரம் போடாதேங்கோ அக்கா, விடியப்பறக் காத்துக்குப் போடுங்கோ."

அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நங்கூரம் போடும்போது இப்போது அடிக்கிற காற்றை மட்டும் பார்க்காமல், இரவு இரண்டு மணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று யோசித்து, படகு மறுபக்கம் சுற்றினாலும் கீழே மணல் இருக்கிறதா, பின்னால் வலையோ கல்லோ இல்லையா என்று பார்க்க வேண்டும். நீங்கள் விடுகிற சங்கிலி நீளத்தையும் படகின் நீளத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள், அந்த வட்டம் முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடித்தரையைப் பார்க்க நல்ல நேரம் காலை பத்து முதல் பின்னேரம் இரண்டு வரை, சூரியன் உச்சியில் இருக்கும்போது. வெளிர் பச்சை என்றால் மணல், கரும்பச்சைத் திட்டு என்றால் சாதாளை, மண்ணிறமாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கல். அப்பாவிடம் ஒரு ஈயக்குண்டு இருந்தது, கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு, குண்டின் அடியில் குழி. அந்தக் குழியில் சவர்க்காரத்தை அப்பி இறக்குவார். மேலே வரும்போது வெள்ளை மணல் ஒட்டியிருந்தால் போடலாம், சாதாளைத் துணுக்கு வந்தால் தள்ளிப் போக வேண்டும், ஒன்றும் ஒட்டாமல் சவர்க்காரத்தில் கீறல் மட்டும் இருந்தால் கீழே கல். உங்கள் படகில் ஆழமானி இருக்கும், அது ஆழத்தை மட்டும்தான் சொல்லும். ஒரு குண்டு செய்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் முகக்கண்ணாடி போட்டுக் குதித்து நங்கூரத்தைக் கண்ணால் பாருங்கள், இந்த ஆழத்தில் அது பெரிய வேலை இல்லை. மாசி பங்குனியில் சொறி (ஜெல்லிமீன்) வரும், கையில்லாத உடுப்போடு இறங்காதீர்கள்.

நீளக் கணக்கு: ஆழத்தோடு தண்ணீருக்கு மேலே அணியத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். 4 மீட்டர் தண்ணீர், 1 மீட்டர் அணியம் என்றால் 5. முழுக்கச் சங்கிலி என்றால் அதைப்போல ஐந்து மடங்கு, 25 மீட்டர். கயிறு என்றால் ஏழு மடங்கு, 35 மீட்டர், அதிலும் நங்கூரத்தோடு சேர்கிற பக்கம் ஐந்தாறு மீட்டராவது சங்கிலி இருக்க வேண்டும், கற்பாரில் வெறும் கயிறு ஒரே இரவில் அறுந்துவிடும். நீளம் கூடினால் இழுவை கிடையாக வரும், அலகு மணலுக்குள் இறங்கும். நீளம் குறைந்தால் மேலே கெந்தித் தூக்கிவிடும். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் அந்தக் கணக்கில் பெரிதாக மண்டையை உடைக்க வேண்டாம். ஆனால் தண்ணீரே ஆழமில்லாத இடம் என்பதால் அந்த அரை மீட்டரிலும் படகின் அடி தட்டலாம். பாக்குக் குடா முழுவதுமே ஆழமற்ற கடல், 15 மீட்டரைத் தாண்டுகிற இடம் அருமை, காற்று கொஞ்சம் ஏறினாலே கிட்டக் கிட்ட, குத்தான அலை எழும்பும்.

நங்கூரத்தை இறக்கி, எஞ்சினை மெதுவாகப் பின்னுக்குப் போட்டு, இறுகும்வரை பொறுங்கள். பிறகு கரையில் இரண்டு பொருளை ஒரே கோட்டில் பிடியுங்கள், முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி என்று. இரண்டும் விலகாமல் நின்றால் படகு நிற்கிறது. இரவுக்கு வெளிச்சத்தில் இரண்டைப் பார்த்து வையுங்கள். ஒன்பது மணிக்கும், காற்று மாறின பிறகும், ஒருவர் எழும்பிப் பார்க்க வேண்டும். பாய்மரத்தில் சுற்றிவரத் தெரிகிற வெள்ளை விளக்கு இரவு முழுக்க எரியட்டும். இருட்டில் எஞ்சின் போட்டு ஓடுகிற பைபர் போட்டுகளில் பலதில் விளக்கே இருக்காது, நீங்களாவது தெரிய வேண்டும்.

இரண்டு பேர் என்பதில் ஒரு விடயம். அணியத்தில் நிற்கிறவருக்கும் சுக்கான் பிடிக்கிறவருக்கும் நடுவில் எஞ்சின் சத்தம். முதல் நாள் நாங்கள் கத்திக் கத்தி, அது சண்டையாகி, அரை மணித்தியாலம் கதைக்காமல் இருந்தோம். அடுத்த நாள் கையால் ஐந்து சைகை வைத்துக்கொண்டோம்: முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம், நிறுத்து. அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. தங்கச்சிக்குச் சுக்கானைக் கொடுங்கள், சங்கிலி இழுப்பது முதுகு வேலை, நீங்கள் செய்யுங்கள். எங்களில் சுக்கான் நான்தான். இன்னொன்று, பெண்களுக்கு மலசலகூடம் பற்றி யாரும் எழுதுவதில்லை. பின்பக்கத்தில் இழுத்து மூடுகிற கனமான துணித் திரை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், மூடியுள்ள வாளி வையுங்கள். விடியப்புறம் உங்களைச் சுற்றிப் பத்துப் படகு போகும், திரை இல்லாவிட்டால் அவள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள், பங்குனி வெயிலில் அது ஆபத்து.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று கணக்குப் போட்டு முழுவதையும் தீவுப் பக்கம் வர முன்னமே ஏற்றுங்கள். தீவுகளில் நல்ல தண்ணீர் இல்லாமல் சனம் குடம் தூக்கி நடக்கிறது, அங்கே போய்க் கான் நிரப்பக் கேட்கக்கூடாது. பழைய பாய்த்துணியில் ஒரு பந்தல், அது இல்லாமல் பகலில் கிடக்கவே முடியாது.

நான் சொல்லக்கூடிய நல்ல இடம் ஊர்காவற்றுறைக் கால்வாய்தான். காரைநகருக்கும் வேலணைத் தீவுக்கும் நடுவில், எந்தக் காற்றுக்கும் ஓரளவு மறைப்பு. வாயில் தண்ணீருக்கு நடுவே கடற்கோட்டை நிற்கும், போர்த்துக்கேயர் தொடங்கி 1658-ல் ஒல்லாந்தர் பிடித்தது, இப்போது கடற்படை விடுதியாக நடத்துகிறது. கோட்டைக்குக் கிட்டப் போவதென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். இங்கே நீரோட்டம் உண்டு, படகு சில நேரம் காற்றைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பார்த்துத் திரும்பும், அதற்கும் வட்டத்தில் இடம் விடுங்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் 'பாதை' என்கிற கடத்து மிதவை ஓடுகிறது, சனத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு. அதன் வழியில் ஒருபோதும் நங்கூரம் போடாதீர்கள். நாங்கள் இங்கே மூன்று இரவு கிடந்தோம். பின்னேரம் பாதை கடைசித் தடவை போன பிறகு தண்ணீர் அசையாது, கோட்டைச் சுவரில் கொக்குகள் வந்து அடையும், கரையில் தேவாலய மணி கேட்கும், இவர் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார், நான் சும்மா இருப்பேன். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசத்தில் அப்படி மூன்று நாள் எங்களுக்கு முன்னம் கிடைக்கவில்லை.

அங்கிருந்து யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குள்ளால் பட்டினத்துக்குப் போகலாமா என்று யோசிப்பீர்கள். பண்ணைப் பாலமும் பொன்னாலைப் பாலமும் மறிக்கின்றன, பாய்மரத்தோடு முடியாது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் வாணர் தாம்போதி, கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி, இருக்கிறது, அதாலும் போக முடியாது. மேற்குப் பக்கமாக, அனலைதீவு, நயினாதீவுக்கு வெளியால்தான் சுற்ற வேண்டும்.

நெடுந்தீவு 14, 15 கடல் மைல். மாவிலித்துறையில் இறங்குதுறை உண்டு, பயணிகள் படகுகள் வந்து போகும், அவற்றுக்கு இடம் விட்டு வெளியே கிடவுங்கள். கரை முழுக்கக் கல், மணல் திட்டுத் தேட வேண்டும், நாங்கள் மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தோம். அதனால் அங்கே ஒரு இரவுக்கு மேல் வேண்டாம், அதுவும் காலை பத்து மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி ஊர்காவற்றுறையிலிருந்து இருட்டோடு கிளம்புங்கள். குதிரைகள், பெருக்கமரம், பவளக்கல் வேலிகள் எல்லாவற்றையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம். கரைக்குச் சின்ன வத்தையில் இறங்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும், மணலாக இருந்தால் காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடவுங்கள், திருக்கை விலகிப் போகும்.

எந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போதும் அந்தச் சங்கத்தில் யாருக்காவது ஒரு தொலைபேசி அழைப்புக் கொடுங்கள், இன்ன நேரம் நங்கூரம் தூக்கிவிட்டோம், இன்ன இடத்துக்குப் போகிறோம் என்று. நாங்கள் நெடுந்தீவிலிருந்து சொல்லாமல் வெளிக்கிட்டு, எங்களைக் காணவில்லை என்று இரண்டு பேர் தங்கள் எண்ணெயை எரித்து அந்தப் பக்கம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.